பதினொரு புள்ளிகள்

இன்னும் ஒரே ஒரு முறைதான், அதுவும் தவறினால் முப்பது நிமிடம் பூட்டிக்கொள்வேன் என்று திரை அறிவித்தபோது பூங்கோதைக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவும்தான் செய்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல், ஒரு குஷி எட்டிப் பார்த்தது. அவள் சுபாவம் அப்படி. கல்யாண மண்டபத்தில் மைக் கரகரத்தால் பந்தியை விட்டு எழுந்துபோய் ஒயரை ஆட்டிப் பார்க்கிற ரகம். கோவை கணபதியில், வெளியூர்க் கம்ப்யூட்டர்களை இங்கிருந்தே பார்த்துக்கொள்கிற ஆபீசின் மூன்றாவது மாடி, காலை மணி பதினொன்று பத்து, வெளியே சத்தி ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன, இங்கே அவள் முன்னால் இருந்த திரையில் இன்னொரு ஊரின் திரை தெரிந்தது. உடுமலைக்குத் தெற்கே ஒரு ஹேச்சரி, கோழிக்குஞ்சு பொரிக்கிற இடம். அதில் மூன்றாம் எண் பெட்டி, பெட்டி என்றால் நாலு பீரோவைச் சேர்த்து நிறுத்தினாற்போல, உள்ளே பத்தொன்பதாயிரத்து இருநூறு முட்டை, இன்றைக்கு இருபதாம் நாள், நாளைக்குக் குஞ்சு. பாதிக்கு மேல் ஓட்டில் விரிசல் விழுந்து மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். பெட்டியை நடத்துகிற கம்ப்யூட்டர் கால் மணி நேரத்துக்கு முன்னால் கரண்ட் போய் வந்ததில் அணைந்து எழுந்திருக்கிறது, எழுந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, இன்றைக்குத்தான் முட்டை அடுக்கியிருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு காற்றுத் துவாரத்தை இறுக மூடிச் சூடு கொடுக்கிறது. உள்ளே இருப்பவை இருபது நாள் குஞ்சுகள், தங்கள் சூட்டையே தாங்காதவை. துவாரத்தைத் திறக்கச் சொல்லலாம், ஒரே கட்டளை போதும், ஆனால் நீ யார் என்று கேட்கிறது. பெயர், பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு பூங்கோதை வைத்தது. அதை அவள் இரண்டு முறை அடித்தாகிவிட்டது. இரண்டு முறையும் தவறு என்கிறது.

“நூறு பாயிண்ட் ஒண்ணுங்க மேடம்” என்று போன் ஸ்பீக்கரில் நாச்சிமுத்துவின் குரல் வந்தது. ஹேச்சரியின் சூப்பர்வைசர், ஐம்பதைத் தாண்டியவர், பெட்டியின் முன்னாலேயே நின்று டிகிரியை வாசித்துக்கொண்டிருந்தார், பின்னால் விசிறி இரைந்துகொண்டிருந்தது. தொண்ணூற்றெட்டில் இருக்க வேண்டியது. நூற்றி இரண்டைத் தொட்டால் பிறகு குஞ்சுகளைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. “அங்க ஒரு கீபோர்டு கெடைக்குமாங்ணா? நேராவே அடிச்சுப் பாக்கலாம்.” “ஆபீஸ்ல இருக்குதுங்க மேடம். ஆனா உள்ள கொண்டாறதுன்னா பொகை போட்டுத்தான் கொண்டாரோணும். அரை மணி நேரமாயிரும். ஆளே குளிச்சுத் துணி மாத்திட்டுத்தான் உள்ள வாறோம்.” அது அவளுக்குத் தெரியும், ஒரு தடவை போயிருக்கிறாள், தலைக்கு ஊற்றிக்கொண்டு அவர்கள் கொடுத்த தொளதொள நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றபோது கைதிபோல இருந்தது, கம்மலைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். கோழிக்கு நோய் வந்துவிடும் என்று மனுஷியை அவ்வளவு பாடுபடுத்துகிற இடம். ஆக, கீபோர்டு கிடையாது, அவள் பத்து விரல்தான். பெல்ஜியத்துக்காரர்கள்தான் பெட்டியைச் செய்தவர்கள், அவர்களிடம் வேறு சாவி உண்டு, ஆனால் அங்கே இப்போது காலை ஏழு நாற்பது, பல் துலக்கிக்கொண்டிருப்பார்கள். “கதவ ஒரு சாண் தொறந்து வெச்சிருக்கறனுங்க. சூடு கொஞ்சம் மெதுவா ஏறுது. ஆனா ஈரம் போவுதுங்க மேடம். ஈரம் போனா சவ்வு காஞ்சு குஞ்சு மேலயே ஒட்டிக்கும், ஓட்ட ஒடைக்க முடியாது.” திறந்தால் ஒட்டும், மூடினால் வேகும். பெட்டியை அணைத்துவிடலாமா என்றால் விசிறியும் நின்று மூச்சு முட்டும். எவ்வளவு அழகாகப் பூட்டிக்கொண்டிருக்கிறது பார், எந்தப் பக்கம் போனாலும் சுவர், என்று நினைத்தவள், அழகு என்றா நினைத்தேன், உயிர் போகிறது அங்கே, என்று தன்னையே ஒரு குட்டுக் குட்டிக்கொண்டாள்.

சரி, பதறாதே, என்ன தெரியும் உனக்கு, தெரிந்ததை மட்டும் வரிசையாகச் சொல். பாஸ்வேர்டு தெரியும். மழை என்பதை ஆங்கில எழுத்தில், முதல் எழுத்தைப் பெரிய எம்மாகப் போட்டு அடிக்க வேண்டும், பிறகு ஈமெயிலில் வருகிற அட் குறி, பிறகு ஸ்கூட்டர் நம்பர், ஒன்று நான்கு எட்டு ஐந்து. மொத்தம் பதினொன்று. எழுதிவைக்கவில்லை, ஆனால் மறக்கவும் முடியாது, அதை வைத்த அன்று கோவையே மிதந்தது. பாஸ்வேர்டுப் பெட்டியில் என்ன அடித்தாலும் கறுப்புப் புள்ளிதான் தெரியும், அதுதான் அதன் தந்திரம், எம் விழுந்ததா வேறு எதுவுமா என்று காட்டாது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதற்கு ஒரு குறுக்கு வழி தெரியும்: பாஸ்வேர்டைப் பெயர்ப் பெட்டியில் அடித்துப் பார்ப்பது. அங்கே எழுத்து வெளிச்சமாகத் தெரியும், தப்பு எங்கே என்று அகப்பட்டுவிடும், எந்த முயற்சியும் வீணாகாது. அடித்தாள். விரல் நுனிகள் ஜில்லென்று இருந்தன, ஏசிக்குக் கீழே உட்காரவைத்திருக்கிறார்கள், எத்தனை தடவை சொல்லியாயிற்று. எம் வந்தது. ஏ வந்தது. இஸட், எச், ஏ, ஐ, அட் குறி, ஒன்று, நான்கு, எட்டு, ஐந்து. ஒரு எழுத்து பிசகவில்லை. மணிமணியாக. அவளுக்குப் பகீரென்றது. தப்பாக வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள், தப்பு இருந்தால் திருத்தலாம், எல்லாம் சரியாக இருந்துகொண்டு கதவு மட்டும் திறக்காவிட்டால் எதைத் திருத்துவது? “என்னாச்சுங்க மேடம்?” “கீபோர்டு நல்லாத்தான் இருக்குதுங்ணா. எழுத்தெல்லாம் சரியா விழுது.” “அப்பறம் ஏனுங்க தொறக்கல?” நியாயமான கேள்வி, இதற்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள். “நூறு பாயிண்ட் நாலு” என்றார் நாச்சிமுத்து, கேட்காமலே.

கீபோர்டு நன்றாக இருக்கிறது, ஏன் இருக்காது, அதைச் சரிசெய்தவளே அவள்தானே. பெல்ஜியத்துக்காரர்களின் விசைப்பலகை நம்முடையதுபோல இல்லை, எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கும், நம் விரல் ஏ-வைத் தட்டினால் க்யூ விழும், எண்களைத் தட்டினால் என்னென்னவோ குறிகள் விழும். பெட்டியை அவர்கள் ஊர் வழக்கப்படியே அமைத்து அனுப்பியிருந்தார்கள், இங்கிருந்து தொலைவில் இணைந்து தட்டுகிற ஒவ்வொருவரும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள், எட்டு மாதமாக. பூங்கோதைதான் ஒரு திங்கட்கிழமை உட்கார்ந்து, பெல்ஜிய அமைப்பை அடியோடு நீக்கி, நம் அமைப்பை வைத்து, உள்ளே மட்டுமில்லாமல் இந்த நுழைவுத் திரைக்கும் சேர்த்து மாற்றி, பழையது திரும்பி வரவே முடியாதபடி துடைத்துக் கழுவிவிட்டாள். பாதி வேலை செய்கிற பழக்கம் அவளிடம் கிடையாது, வீட்டில் அடுப்பு மேடையைத் துடைத்தால் பின்சுவர் வரைக்கும் போவாள், கணவன் அருணகிரி கிண்டல் பண்ணுவான், நீ துடைச்சா சுண்ணாம்பும் சேந்து வருது என்பான். அன்றைக்கு மேலாளர் பெனடிக்ட் சார் எல்லாரும் படிக்கிற குழுவில் அவள் பெயரைப் போட்டுப் பாராட்டினார். நாலு வரிதான். அதை அவள் இரவு ஒரு தடவை, காலையில் ஒரு தடவை, சிக்னலில் ஒரு தடவை படித்தாள். குழந்தைக்காக ஐந்து வருஷம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவளுக்கு நாலு வரி என்பது சின்ன விஷயமா? மறந்திருப்பாளோ, ஐந்து வருஷத்தில் எல்லாம் மாறிப்போச்சே, சமாளிப்பாளா என்று முதுகுக்குப் பின்னால் பேசினவர்கள் எல்லாரும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள். இப்போது அதே பெட்டி. அதே அவள். இன்னும் ஒரு முயற்சி. யாரோ பாஸ்வேர்டை மாற்றியிருக்க வேண்டும், வேறு வழியே இல்லை, யார்? ராத்திரி ஷிப்டில் யாராவது? கீபோர்டே இல்லாத அறையில் எதை வைத்து மாற்றுவார்கள், மூக்காலா? பெல்ஜியத்துக்காரர்கள்? மாற்றினால் கடிதம் போடாமல் இருக்க மாட்டார்கள், ஒரு திருகாணி மாற்றினால்கூட மூன்று பக்கம் எழுதுகிறவர்கள். அப்படியென்றால் அவள் ஞாபகம்தான் தப்பா? மழைதானா? மழைக்கு ஆங்கிலத்தில் அவள் எப்போதும் அடிக்கிற எழுத்துகள் இவைதானா? ஸ்கூட்டர் நம்பரில் எட்டு முதலிலா நான்கு முதலிலா? ஜன்னலுக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள், பார்க்கிங்கில் வெள்ளை ஸ்கூட்டர், ஒன்று நான்கு எட்டு ஐந்து, பெரிய மனுஷிபோல நின்றுகொண்டிருந்தது.

“மேடம், பாயிண்ட் ஏழு. கதவ இன்னும் கொஞ்சம் தொறக்கட்டுங்களா?” “ஈரம் எவ்வளவுங்ணா இருக்குது?” “எழுவதுலருந்து அம்பத்தெட்டுக்கு வந்திருச்சுங்க. கையில ஸ்ப்ரேயர் வெச்சு அடிச்சுட்டிருக்கறன். பத்தாது.” “இன்னும் நாலு விரக்கடை மட்டும் தொறங்ணா.” சொன்ன பிறகுதான், நாலு விரற்கடை என்று எந்தக் கணக்கில் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை என்பது தெரிந்தது. டாக்டர் மாதிரி அடித்துவிட்டாள். ஸ்பீக்கரில் விசிறிச் சத்தத்துக்குள்ளே இப்போது வேறொன்று கேட்டது, கீச்சு கீச்சென்று மெல்லிசாக, ஒன்றில்லை, ஆயிரம். ஓட்டுக்குள்ளிருந்தே கத்துமாம், நாச்சிமுத்து அன்றைக்குக் காட்டினார், ஒரு முட்டையை அவள் காதில் வைத்தார், உள்ளே யாரோ கதவைத் தட்டினார்கள், அவளுக்குக் கர்ப்பத்தில் ஏழாம் மாதம் ஞாபகம் வந்து கண்ணில் நீர் முட்டிக்கொண்டது, நீலச் சட்டையின் கையில் துடைத்துக்கொண்டாள். அவற்றைத்தான் அவள் வேகவைத்துக்கொண்டிருக்கிறாள். இல்லை, அவள் இல்லை, கரண்ட். கரண்ட் போனதற்கு அவள் என்ன செய்வாள்? கரண்ட் போனால் அணைகிற கம்ப்யூட்டர், அணைந்தால் மறக்கிற கம்ப்யூட்டர், எல்லாம் அடுத்தவர் செய்தது, அவள் செய்ததெல்லாம் சரிசெய்ததுதான். சரிசெய்தது. அந்த வார்த்தையில் மனசு போய் ஒரு முள்ளில் சேலை மாட்டினாற்போல மாட்டிக்கொண்டது, இழுத்தாள், வரவில்லை. என்ன அது, ஏன் இப்போது கொடைக்கானல் ஞாபகம் வருகிறது? குஞ்சு சாகிற நேரத்தில் கொடைக்கானல். போன மே மாதம், ஏரிக்குப் பக்கத்து லாட்ஜ், குளியலறையில் குழாய் மாறியிருந்தது, நீலத்தைத் திறந்தால் வெந்நீர், சிவப்பைத் திறந்தால் ஐஸ். முதல் நாள் இரண்டு பேரும் அலறினார்கள். இரண்டாம் நாள் பழகிவிட்டது, கை தானாகவே மாற்றித் திறந்தது. அன்று மத்தியானம் அவள்தான் மேனேஜரிடம் போய்ச் சண்டை பிடித்தாள், அவள் இல்லாமல் வேறு யார், உடனே ஆளை அனுப்பிக் குழாயை ஒழுங்காக மாற்றிவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை தூக்கக் கலக்கத்தில் வாய் கொப்பளிக்கச் சிவப்பைத் திறந்து இரண்டு கையையும் நீட்டினாள். கொப்புளமே வந்துவிட்டது. அருணகிரி சிரித்த சிரிப்பு! தப்பா இருந்தப்ப சுடல, சரிபண்ணினப்புறம் சுடுது பாரு, என்றான்.

நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சரிபண்ணினது என்றைக்கு? பாஸ்வேர்டு மாற்றினது என்றைக்கு? மேஜை மேலே டயரி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வர மறுத்தன, எச்சில் தொட்டுத் திருப்பினாள். பத்தாம் தேதி திங்கள், கீபோர்டு சரிசெய்யப்பட்டது, கீழே இரண்டு கோடு. பாஸ்வேர்டு? மழை பெய்த நாள், அவிநாசி மேம்பாலத்துக்குக் கீழே தண்ணீர் நின்ற நாள். இதோ. மூன்றாம் தேதி. மூன்று முதலில் வருகிறது, பத்து பிறகு வருகிறது. ஐயோ என்றாள், சத்தமாக. அது துக்கமான ஐயோ இல்லை, காணாமல்போன கம்மல் தலையணை உறைக்குள் கிடைத்தால் வருகிற ஐயோ. மூன்றாம் தேதி பழைய பாஸ்வேர்டை பெல்ஜியத்துக்காரர்கள் அவர்கள் ஊரிலிருந்தே அடித்துத் திறந்துகொடுத்தார்கள், புதியதை இவள் இங்கிருந்து அடித்தாள், புள்ளி புள்ளியாக விழுந்தது, மறுபடியும் அடி என்றது, மறுபடியும் அடித்தாள், இரண்டும் ஒன்றுதான் என்று ஏற்றுக்கொண்டது. ஒன்றாகத்தான் இருக்கும்! இரண்டு தடவையும் ஒரே தப்பு! அவள் விரல் மழை என்று அடித்தது, பெட்டி வேறு எதையோ வாங்கி வைத்துக்கொண்டது, யாருக்கும் தெரியாது, புள்ளிக்குள் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தது? அதன் பிறகு பெட்டி அணையவே இல்லை, இன்றைக்கு வரைக்கும் யாரும் அதை அடிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு வாரம் கழித்து இவள் போய்க் கீபோர்டைச் சரிசெய்தாள். சாவியைத் தப்பாக வெட்டி வைத்துக்கொண்டு, பிறகு பூட்டை மட்டும் ஒழுங்குபண்ணியிருக்கிறாள். பாராட்டு வேறு, நாலு வரி. அந்த நிமிஷத்தில் அவளுக்கு அவமானம் வரவில்லை, அது பின்னால் பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தது, இப்போது தலைகால் புரியாத சந்தோஷம்தான், உடம்பெல்லாம் ஓடியது, கன்னம் சுட்டது. “நாச்சிமுத்துங்ணா, கண்டுபுடிச்சுட்டனுங்ணா!” “தொறந்திருச்சுங்களா மேடம்?” “இன்னும் இல்ல. இதோ.” “நூத்தி ஒண்ணு” என்றார் அவர். குரலில் இருந்த மரியாதை அப்படியே இருந்தது, அதற்குள்ளே ஏதோ உடைந்திருந்தது.

இனிமேல் வேலை தலைகீழ். இவ்வளவு நாள் தப்பாக விழுந்ததைச் சரியாக விழவைக்கப் பாடுபட்டவள், இப்போது மூன்றாம் தேதி விழுந்த அதே தப்பை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துச் சரியாக அடிக்க வேண்டும். பெல்ஜிய அமைப்பை மறுபடி கொண்டுவந்துவிட்டால் எளிது, விரல் பாட்டுக்கு மழை என்று அடித்துவிடும், ஆனால் அதைத்தான் அடியோடு துடைத்தாயிற்றே, திரை மூலையில் மாற்றுவதற்கான சின்ன அடையாளம்கூட இல்லை, சுண்ணாம்பும் சேர்ந்து வந்துவிட்டது. கையால்தான் கணக்குப் போட வேண்டும். போனில் விசைப்பலகைப் படம் ஒன்றைத் தேடி எடுத்தாள், டயரியின் பின்பக்கத்தில் எழுதினாள். பெரிய எம்முக்கு இவள் தட்டிய விசையில் அவர்களுக்குக் கேள்விக்குறி. ஏ என்றால் க்யூ. இஸட் என்றால் டபிள்யூ. எச் எச்சேதான், மகராசி. மறுபடி க்யூ. ஐ ஐயேதான். அட் குறிக்கு ஷிப்டோடு இரண்டைத் தட்டியிருப்பாள், அவர்களிடம் ஷிப்டோடு தட்டினால்தான் எண்ணே வரும், ஆக வெறும் இரண்டு. ஒன்றுக்கு அந்த முடிச்சுப்போட்ட ‘மற்றும்’ குறி. நான்குக்கு ஒற்றை மேற்கோள். எட்டுக்கு அடிக்கோடு. ஐந்துக்கு இடப்பக்க அடைப்பு. பதினொன்று, கணக்குச் சரி. கையைப் பாஸ்வேர்டுப் பெட்டிக்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். படத்துக்கு மேலே சின்ன எழுத்தில் பிரான்ஸ் என்று போட்டிருந்தது. பிரான்ஸ் இல்லை, பெல்ஜியம். இரண்டும் ஒன்றுதான் என்பார்கள், அண்ணன் தம்பிபோல இருக்கும், ஆனால் தம்பி சட்டை அண்ணனுக்குச் சில இடத்தில் பிடிக்கும். பெல்ஜியப் படத்தைத் தேடினாள். வந்தது, மங்கலாக, தபால்தலை அளவில். எம், ஏ, இஸட், எல்லாம் ஒன்றுதான். எட்டில் மட்டும் ஏதோ வேறாக ஒரு கோடு. நிமிர்ந்த கோடா, படுத்த கோடா? பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது. பதினொன்றில் பத்து தெரியும். ஒன்று தெரியாது. “ஒண்ணு பாயிண்ட் மூணு.” இன்னொரு படத்தைத் தேடலாம், வலையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, மொத்த ஆபீசும் இதே நேரத்தில்தான் எதையாவது இறக்கிக்கொண்டிருப்பார்கள். நிமிர்ந்ததா, படுத்ததா, ஒரு முயற்சி, பத்தொன்பதாயிரத்து இருநூறு, பூவா தலையா போட்டுப் பார்க்கிற விஷயமா இது? சந்தோஷம் எங்கே போயிற்று என்று தேடினாள், போகவில்லை, பயத்தோடு சேர்ந்து ஒரே தாளத்தில் குதித்துக்கொண்டிருந்தது.

அந்த விசையை எப்போதாவது தட்டியிருப்பாய், அந்தப் பெட்டியில், சரிசெய்வதற்கு முன்னால், எட்டைத் தட்டாமல் இருந்திருக்க முடியாது, டிகிரியே தொண்ணூற்றெட்டுதானே, எத்தனை முறை தொண்ணூற்றெட்டு அடித்திருப்பாய்? எட்டு மாதம். என்ன விழுந்தது? கண்ணை மூடினாள். சித்திரையில் ஒரு நாள், பக்கத்தில் யாரோ மாம்பழம் நறுக்கிய வாசனை, அவள் தொண்ணூற்றெட்டு என்று தட்டுகிறாள், திரையில் காலில் வால் முளைத்த ஒரு சி, அதற்குப் பக்கத்தில், அதற்குப் பக்கத்தில், வரவில்லை, மாம்பழம்தான் வருகிறது. திரையை விடு. அன்றைக்கு யாரோ சிரித்தார்கள். போனில். யார் சிரித்தது? “நாச்சிமுத்துங்ணா, சித்திரையில நான் டிகிரி மாத்தினப்ப தப்பா விழுந்துச்சே, நீங்ககூடச் சிரிச்சீங்களே, எதுக்குங்ணா சிரிச்சீங்க?” இந்த நேரத்தில் இது என்ன கேள்வி என்று அவர் நினைத்திருக்கலாம், ஆனாலும் சொன்னார். “அதுங்களா மேடம். டிகிரி போடற எடத்துல ஆச்சரியக்குறி வந்துச்சுங்க. மிசினே அசந்துபோச்சுன்னு சொல்லிச் சிரிச்சனுங்க.” ஆச்சரியக்குறி! நிமிர்ந்த கோடு, கீழே ஒரு புள்ளி! அவருக்குக் கோயில் கட்டலாம். அடிக்கோட்டை அடித்துவிட்டு மேலே நட்டமாக ஒரு குறியைப் போட்டாள். முதலில் பெயர்ப் பெட்டியில் பதினொன்றையும் அடித்துப் பார்த்தாள். கேள்விக்குறி, க்யூ, டபிள்யூ என்று ஆரம்பித்து ஆச்சரியக்குறி, அடைப்பு என்று முடிந்தது, பைத்தியத்தின் கையெழுத்துபோல. டயரியோடு ஒத்துப் பார்த்தாள். அழித்தாள். உண்மையான பெயரைப் போட்டாள். பாஸ்வேர்டுப் பெட்டிக்கு வந்தாள். ஒரு விரலால், ஒவ்வொன்றாக. “ஒண்ணு பாயிண்ட் ஆறுங்க.” ஒரு புள்ளி. இரண்டு. முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நின்றார்கள், பெனடிக்ட் சாரின் சென்ட் வாசனை. ஏழு. எட்டு. பத்தாவதற்கு ஷிப்டை அழுத்தின விரல் வழுக்கியதோ என்று சந்தேகம் வந்தது, அழுத்தினோமா, அழுத்தினோம், அழித்துவிட்டு முதலிலிருந்து அடிக்கலாமா, நேரம் இல்லை, அழுத்தினோம், சத்தியமாக அழுத்தினோம். பதினொன்று. எண்ணினாள். மறுபடி எண்ணினாள். தட்டினாள்.

திரையில் வளையம் சுற்றியது. கோவைக்கும் உடுமலைக்கும் நடுவில் எழுபது கிலோமீட்டர், அத்தனை தூரமும் அந்தப் பதினொரு எழுத்தும் நடந்தே போகிறதோ என்னவோ. பிறகு திரை வெளுத்தது, வெளுத்து நீலமானது, பெட்டியின் படம் வந்தது, சிவப்பில் நூற்றி ஒன்று புள்ளி ஏழு என்று எழுதியிருந்தது, அதைப்போல அழகான சிவப்பை அவள் பார்த்ததே இல்லை. துவாரம், முழுதும் திற. நாள், இருபது. டிகிரி, ஒன்பது எட்டு, ஒழுங்காக ஒன்பதும் எட்டுமே விழுந்தன. ஸ்பீக்கரில் விசிறியின் குரல் மாறியது, தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பெரிய ஆள் எழுந்து நின்றதுபோல உறுமியது. “காத்து வருதுங்க மேடம்! காத்து வருது! கதவ மூடிட்டனுங்க! ஒண்ணு பாயிண்ட் அஞ்சு. மூணு. எறங்குதுங்க, எறங்குது!” பூங்கோதை மேஜையைக் கையால் அடித்தாள், கத்தினாள், என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது, ஆபீசே எழுந்து கைதட்டியது. பெனடிக்ட் சார் அவள் தோளுக்கு மேலே குனிந்து, “பிரமாதம்மா. என்ன கோளாறு? பெல்ஜியத்துக்காரன் கீபோர்டுதானே? அந்தாளுக இன்னும் திருந்தலையா?” என்றார். ஆமாம் சார் என்று சொல்ல ஒரு நொடி போதும். பாதி உண்மையும்கூட. அவர் அதை மத்தியானத்துக்குள் குழுவில் எழுதிவிடுவார், இன்னும் நாலு வரி, இம்முறை எட்டு வரிகூட வரலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்போதுதான், பின்னால் பஸ் பிடித்து வந்துகொண்டிருந்த அவமானம் இறங்கி வந்து பக்கத்தில் நின்றது.

கீச்சுக் கீச்சென்ற சத்தம் ஸ்பீக்கரில் இப்போது நன்றாகக் கேட்டது. தட்டு இழுக்கிற சத்தமும் கேட்டது, ஒன்று, இன்னொன்று. நூற்றுக்குக் கீழே வந்ததும் நாச்சிமுத்து போனுக்குத் திரும்பினார். “தப்பிச்சுதுங்க மேடம், உங்க புண்ணியம். மேல் தட்டு ரெண்டு மட்டும் பாத்தனுங்க. சூடு மேலதான நிக்கும். அதுல பொரிஞ்சு வந்ததுல நூத்தி நாப்பது அசையலீங்க. மத்ததெல்லாம் இருக்குது, சத்தம் கேக்குதுங்களா?” கேட்டது. நூற்று நாற்பது கேட்கவில்லை, மற்றதெல்லாம் கேட்டது. “வருத்தப்படாதீங்க மேடம், நீங்க இல்லாட்டி மொத்தமும் போயிருக்கும்” என்றார். நல்ல மனுஷன், அதனால்தான் தாங்க முடியவில்லை. “ஒரே ஒரு விசயங்க. செத்த குஞ்சுக்கு ரிஜிஸ்டர்ல காரணம்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. மொதலாளி சாயங்காலம் பாப்பார். கரண்டுன்னு எழுதிப்போடட்டுங்களா?” பெனடிக்ட் சார் எழுது எழுது என்பதுபோலத் தலையாட்டினார். கரண்ட் போனதும் உண்மைதான், யார் இல்லை என்று சொல்லப்போகிறார்கள், கரண்ட் வந்து சாட்சி சொல்லப்போகிறதா? பூங்கோதை போனைக் கையில் எடுத்தாள், ஸ்பீக்கரை அணைக்கவில்லை, எல்லாரும் நிற்கட்டும். “கரண்டு இல்லீங்ணா. பாஸ்வேர்ட நான் தப்பா வெச்சேன். வெச்சது தெரியாம அதுக்கப்பறம் கீபோர்ட சரிபண்ணினேன். பண்ணினதுக்கப்பறம் ஒரு தடவையாவது வெளிய வந்து மறுபடி உள்ள போய்ப் பாத்திருக்கோணும், பாக்கல. பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். கட்டத்துல என் பேர எழுதுங்ணா.” கைதட்டின கைகள் இருந்த இடத்திலேயே நின்றன. பெனடிக்ட் சார் நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உடுமலையில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது, குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன, நாச்சிமுத்து ரிஜிஸ்டரைப் புரட்டுகிற சத்தம் வந்தது. பிறகு பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசுகிற குரலில், “இன்ஷியல் என்னங்க மேடம்?” என்று கேட்டார்.